அம்பாசிடர் கேம் தேஞ்சிருச்சா: டயல் கேஜா, டாப்பெட்டை உருவிப் பாக்கறதா?

வீட்டுலயே கட்டுன 1489 சிசி இன்ஜின், ஏற்காடு மலை ஏறுறப்ப இழுவையே இல்ல, கிளியரன்ஸ் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல விடுற இடைவெளி) வச்ச கொஞ்ச நாள்ல அதே வால்வுல திரும்ப டக்டக்னு சத்தம்னா கேம் (வால்வுகள திறக்க வைக்கற, மேடு மேடா இருக்கற தண்டு) மேலதான் சந்தேகம்.

டயல் கேஜ் (சின்ன அசைவையும் அளக்கற முள் மீட்டர்) சுலபம்ங்க. பிளக்க கழட்டிட்டு, ராக்கரோட (வால்வ அமுக்கற நெம்புகோல்) புஷ்ராடு (அத கீழ இருந்து தள்ளற கம்பி) பக்க முனையில ஊசிய வச்சு இன்ஜின கையால சுத்தி எட்டு லிஃப்டையும் (ஒவ்வொண்ணும் எவ்வளவு ஒசருதுன்னு) எழுதிக்கோங்க, இன்லெட்ட இன்லெட்டோட, எக்ஸாஸ்ட்ட எக்ஸாஸ்ட்டோட ஒப்பிடணும், ஒண்ணு மட்டும் நல்லா கொறைஞ்சா அந்த லோப் (கேமோட மேடு) காலி. ஆனா இப்பதான் தேய ஆரம்பிச்சிருந்தா இதுல சிக்காது.

டாப்பெட்ட (கேம் மேல உக்காந்து புஷ்ராட தூக்கற உருளை) உருவுறது பேஜார் வேலை, மேனிஃபோல்டு, ராக்கர் ஷாஃப்ட், சைடு கவர் எல்லாம் கழட்டணும், கார்க் கேஸ்கெட்டும் புதுசு வேணும். ஆனா அடிமுகத்துல குழி விழுந்திருந்தா கண்ணாலயே தெரிஞ்சிரும், அதனால என் ஓட்டு இதுக்குத்தான். எடுத்தத அதே ஓட்டையில போடுங்க. கேமே மாத்துனா டாப்பெட்டும் புதுசுதான், சேலம் செவ்வாப்பேட்டையில யாரு பழசே போதும்னாலும் கேக்காதீங்க.