பேரில்லாத பழைய பூல் க்யூ: பூவேலையை நம்புவதா, மரையை நம்புவதா?

சென்னையில் பழைய பூல் க்யூ (பூல் மேஜையில் பந்தை அடிக்கும் கோல்) விற்பவர் யாரைக் கேட்டாலும் "அமெரிக்கா மால் சார், எழுபதுகள்ல வந்தது" என்றுதான் ஆரம்பிப்பார். அடிக்கட்டையில், அதாவது கையில் பிடிக்கும் பின்பாதியில், பேர் இருக்காது. இருந்த லோகோவும் ஏதோ ஒரு காலத்தில் தேய்த்து வார்னிஷ் அடித்தபோது போயிருக்கும். யார் செய்தது, எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க நம்மிடம் இருப்பது கட்டை மட்டும்தான்.

அந்தக் கட்டையைப் படிக்க இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, அலங்காரம்: பாயின்ட், வளையம், கைப்பிடி நூல். இன்னொன்று, நடுவில் கழற்றி மாட்டும் ஜாயின்ட், அதாவது அதன் திருகு மரை. வேளச்சேரிப் பக்கம் மூடிக்கொண்டிருந்த ஒரு பூல் பார்லரில் ஒரே விலைக்கு இரண்டு க்யூ வந்தன. ஒன்று நாலு பாயின்ட், கலர் கலரான ஓரம், பளபளப்பு. மற்றது வெறும் மேப்பிள், கறுப்பு நூல், ஒரு கீறல்கூட மறைக்காத பழைய பூச்சு. நான் வெறும் மேப்பிளை எடுத்துக்கொண்டேன். காரணம் முழுக்க ஜாயின்ட்தான். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு இல்லை, முன்னமே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன வடிகட்டல். நம் ஊரில் பழைய க்யூ என்று வருவதில் பாதி பூல் க்யூவே இல்லை, ஸ்னூக்கர் க்யூ. 1884-ல் தொடங்கிய ஜிம்கானா மாதிரியான கிளப்கள் பில்லியர்ட்ஸ் மேஜை போட்ட ஊர் இது. டிப் (பந்தைத் தொடும் முனை) 9, 10 மில்லிமீட்டர் இருந்து, பித்தளை ஃபெருலும் (டிப்புக்கு அடியில் இருக்கும் வளையம்), ஆஷ் மரத்தில் அம்பு முனை போல ஏறும் ரேகையும் தெரிந்தால் அது ஸ்னூக்கர் க்யூ. பூல் க்யூவின் டிப் 12, 13 மில்லிமீட்டர் இருக்கும், ஷாஃப்ட் (க்யூவின் முன்பாதி) மேப்பிள், ஃபெருல் வெள்ளை. இனி சொல்வதெல்லாம் இரண்டாவது வகைக்கு.

முதலில் பூவேலை. அடிக்கட்டையில் கூராக மேலேறும் முக்கோணங்களைத்தான் பாயின்ட் என்கிறோம். நல்ல வேலையில் இவை கருங்காலி, ரோஸ்வுட் மாதிரியான மரத்தை வி வடிவத்தில் வெட்டி மேப்பிளோடு கோத்து ஒட்டியவை. இடையில் மெல்லிய வெனீர் ஓடும், முனை கூர்மையாக முடியும். கம்ப்யூட்டர் மெஷினில் பள்ளம் எடுத்துப் பதித்ததென்றால் முனை பெரும்பாலும் லேசாக உருண்டிருக்கும், ஏனென்றால் பள்ளம் எடுக்கும் கட்டர் உருண்டை. மூன்றாவது வகைதான் நம் சந்தையில் அதிகம்: ஸ்டிக்கர். மேலே கனமாக கிளியர் பூச்சு அடித்திருப்பதால் கைக்குத் தெரியாது. ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் மர ரேகைக்குப் பதில் அச்சுப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும், பழைய காலண்டர் படத்தில் தெரிகிற மாதிரி. வேளச்சேரி பளபளப்பில் தெரிந்ததும் அதேதான்.

இவ்வளவு சொல்லக்கூடிய அலங்காரத்தை ஏன் நம்பக்கூடாது? தரத்தைச் சொல்லும், சரி. பேரைச் சொல்லாது. இதற்கு ஜார்ஜ் பலாபுஷ்காவை விட நல்ல உதாரணம் இல்லை. ரஷ்யாவில் 1912-ல் பிறந்து, நியூயார்க்கில் 1959 முதல் க்யூ செய்தவர், 1975-ல் இறந்தார். பழைய க்யூ சேகரிப்பவர்கள் இன்றும் மூச்சுப் பிடித்துக்கொண்டு சொல்லும் பேர். அவர் தொடக்கத்தில் பாயின்ட்டைத் தானே கோக்கவில்லை. பிரன்ஸ்விக் கம்பெனியின் டைட்டிலிஸ்ட் என்ற பார்லர் க்யூவை வாங்கி, அதன் அடிக்கட்டையை எடுத்து, ஜாயின்ட் வைத்துத் தன் க்யூவாக மாற்றினார். பிறகு சிகாகோவின் பர்ட்டன் ஸ்பெயினிடமிருந்து கோத்த கட்டைகளை வாங்கினார். அதே ஸ்பெயின் வேறு பலருக்கும் கட்டை கொடுத்தார். ஆக, பாயின்ட்டைப் பார்த்து நீங்கள் கண்டுபிடிப்பது கட்டை கோத்தவரைத்தான், க்யூ செய்தவரை இல்லை. பிற்காலத்தில் அவர் பேரையே உரிமம் வாங்கி ஃபேக்டரியில் க்யூ அடித்து விற்றதால், பேர் எழுதியிருந்தாலும் அது ஒரு பேர்தான், அத்தாட்சி இல்லை.

மீதி அலங்காரமெல்லாம் தேய்ந்து மாறும் சாமான். லினன் நூல் அழுக்கானால் புதிதாகச் சுற்றிவிடுவார்கள். டிப், ஃபெருல், அடியில் இருக்கும் ரப்பர் எல்லாம் மாற்றக்கூடியவை. எண்பதுகளின் க்யூவில் போன வருஷத்து நூல் இருக்கலாம். அந்த நூலை வைத்து வயது சொல்கிறவரிடம் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம்.

ஜாயின்ட் அப்படி மாறாது. அதை மாற்ற லேத் வேண்டும், மையம் பிசகாமல் கட்டையைப் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும், அதற்கு ஆகும் செலவில் இன்னொரு க்யூ வாங்கிவிடலாம். அதனால் செய்தவர் வைத்த ஜாயின்ட் பின், அதாவது இரண்டு பாதியையும் இணைக்கும் மரை போட்ட கம்பி, பெரும்பாலும் அப்படியே இருக்கும். அளக்கவும் முடியும். "இது பார்க்க ஜப்பான் வேலை மாதிரி இருக்கு" என்பதை அளக்க முடியாது, மரையை முடியும்.

பின்னின் விட்டத்தை மட்டும் அளந்து முடிவு கட்டக்கூடாது. அமெரிக்க க்யூக்களில் சகஜமான ரெண்டரை நூல் பின் (இங்கே நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), அதாவது 5/16 அங்குலம், கணக்குப்படி 7.94 மில்லிமீட்டர். நம் ஊர் எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். தேய்மானம், முலாம் எல்லாம் சேர்ந்தால் வெர்னியரில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் மரையின் இடைவெளியில் இருக்கிறது. பத்து மரை நீளத்தை அளந்து பாருங்கள். எம்8 என்றால் 12.5 மில்லிமீட்டர் வரும். 5/16-ல் அங்குலத்துக்கு 18 மரை என்றால் 14.1 வரும், 14 மரை என்றால் 18.1. மூணு நூல் பின்னில், அதாவது 3/8 அங்குலத்தில், அங்குலத்துக்கு 10 மரை என்றால் பத்து மரைக்குச் சரியாக ஓர் அங்குலம், 25.4. பின்னில் பத்து மரை வெளியே தெரியாவிட்டால் ஐந்தை அளந்து இரட்டிப்பாக்கலாம்.

இரண்டு அடிக்கட்டைகளையும் இரவல் கேட்டு வாங்கி, பாரிமுனையில் ஒரு போல்ட்-நட்டு கடைக்குக் கொண்டுபோனேன். பளபளப்பின் பின்னில் எம்8 நட்டு அடி வரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. வெறும் மேப்பிளின் பின்னுக்குக் கடைக்காரர் மூணு நூல் நட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அரைச் சுற்றுக்கூட ஏறவில்லை. இன்னொரு நட்டு, அதுவும் இல்லை. பின்னைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம கடை மரை இல்ல தம்பி, சாவதானமா ஓடுது" என்றார். சரியாகத்தான் சொன்னார். கடையில் கிடைக்கும் 3/8 அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 16 மரை. இதில் 10. க்யூவுக்கென்றே வெட்டிய மரை.

இதிலிருந்து பேர் வந்துவிடுமா? வட்டம் சுருங்கும், அவ்வளவுதான். 3/8-ல் 10 மரை, பித்தளைக் கூடு இல்லாமல் ஷாஃப்ட்டின் மரத்திலேயே மரை வெட்டியிருப்பது மெக்டர்மட் என்ற அமெரிக்க க்யூ கம்பெனியின் பாணி; வேறு பலரும் அதைச் செய்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காலர் (ஜாயின்ட்டைச் சுற்றிய வளையம்), 5/16-ல் 14 மரை, ஷாஃப்ட்டின் பித்தளை முகம் சற்றே துருத்திக்கொண்டு காலருக்குள் உட்காரும் அமைப்பு என்றால் அது பலாபுஷ்காவும், ஜாஸ், ஷான் என்ற க்யூ கம்பெனிகளும் போன வழி. 5/16-ல் 18 மரை என்றால் கூட்டம் பெரிது, அதில் பேர் தேடுவது வீண். ஓரிரு திருப்பில் கழன்றுவிடும் யூனிலாக் வகைப் பின் இருந்தால் எழுபதுகள் என்ற பேச்சையே விட்டுவிடலாம். வருஷமும் உதவும்: ஜாஸ் தொடங்கியது 1968, மெக்டர்மட் 1975. "அறுபத்தஞ்சு மாடல் மெக்டர்மட்" என்று ஒருவர் சொன்னால் மேலே கேட்க வேண்டியதில்லை.

என் க்யூ மெக்டர்மட் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. ஜாயின்ட் ஒத்துப்போகிறது, அதற்கு மேல் ஆதாரம் இல்லை. வயது விஷயத்தில் என் கை இன்னும் தயங்கும். பூச்சு மஞ்சளித்திருப்பதும் ஃபெருலில் மயிரிழை விரிசலும் பழசு என்று காட்டும். ஆனால் மெரினா காற்றில் கிடந்த பொருளும் வேகமாகப் பழசாகத் தெரியும்.

ஜாயின்ட்டுக்கு நான் இவ்வளவு எடை கொடுப்பதற்குப் பேர் தேடுவதைவிடப் பெரிய காரணம் ஷாஃப்ட். பூல் க்யூவில் முதலில் சாவது அதுதான். டிப் மாற்றி மாற்றித் தேய்த்து மெலியும், நம் ஊர் ஈரத்தில் வளையும், மோதி நசுங்கும். 3/8-ல் 10 மரைக்கும் 5/16-ல் 18, 14 மரைகளுக்கும் புது ஷாஃப்ட் தனியாக விற்கிறார்கள், கார்பன் ஷாஃப்ட் உட்பட. (கார்பனில் அங்கங்கே நண்பர்களிடம் வாங்கி ஆடிப் பார்த்ததோடு சரி, அதனால் பரிந்துரைக்க மாட்டேன்.) எம்8 பின்னுக்கு நான் தேடிய வரை அப்படி ஒன்று சிக்கவில்லை. அந்த ஷாஃப்ட் வளைந்த அன்று பளபளப்பு முழுவதும் சுவரில் மாட்டும் அலங்காரமாகிவிடும். திருப்பி விற்கும்போதும் இதேதான்: இங்கே ஆடுகிறவர்கள் நிரூபிக்க முடியாத பேருக்குப் பணம் கொடுப்பதில்லை, ஷாஃப்ட் மாற்ற முடியுமா என்றுதான் கேட்கிறார்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கு அனுப்புவது. செய்யலாம், காசா பணமா. ஆனால் பெரும்பாலோர் முழு க்யூவையும் கட்டிலில் கிடத்தி ஒரு படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதில் யாருக்கும் எதுவும் தெரியாது. பின், காலரின் முகம், ஷாஃப்ட் துளையின் உள்பக்கம், பாயின்ட் முனை, ரப்பரைக் கழற்றிய அடிப்பகுதி, இவற்றைக் கிட்டத்தில் எடுத்து, மரை அளவையும் எழுதி அனுப்பினால் உருப்படியான பதில் வரும். ஆக அந்த வழியும் சுற்றி ஜாயின்ட்டுக்கே வருகிறது.

நேராக இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் மேஜையில் உருட்டுகிறார்கள். கழற்றித் தனித்தனியாகவும் உருட்டுங்கள். தனியாக இரண்டும் ஒழுங்காக உருண்டு, மாட்டியதும் ஆடினால் கோளாறு மரத்தில் இல்லை, ஜாயின்ட் முகத்தில்.

வெள்ளை ஃபெருலோ காலரோ தந்தம் என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அங்கேயே வைத்துவிடுங்கள். குறுக்கும் நெடுக்குமாக வலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது உண்மையிலேயே தந்தமாக இருக்கலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986, 1991 திருத்தங்களுக்குப் பிறகு தந்த வியாபாரம் இங்கே குற்றம். ஆப்பிரிக்க யானைத் தந்தமும் அதில் சேர்த்தி.

புது ஷாஃப்ட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மரை மட்டும் போதாது, காலரின் வெளிவிட்டத்தையும் அளந்து சொல்ல வேண்டும். பல க்யூக்களில் அது 21 மில்லிமீட்டரை ஒட்டி வரும், ஆனால் அரை மில்லிமீட்டர் பிசகினாலே ஜாயின்ட்டில் விரலுக்குத் தட்டும் ஒரு படி விழும். முகம் தட்டையா, துருத்தியதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தட்டை முகத்துக்குச் செய்த ஷாஃப்ட் துருத்திய வகைக் காலரில் மரை ஏறினாலும் ஒழுங்காக உட்காராது.