பிரஷர் மாத்திரை: கால் வீக்கமா, வறட்டு இருமலா, மே மாத மயக்கமா?

பிரஷரைக் குறைக்கும் வேலையில் ஆம்லோடிபின், எனாலாபிரில், டெல்மிசார்டன், தயசைடு வகை நீர் மாத்திரை ஆகிய நான்கும் ஏறத்தாழ ஒரே தரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த வகைகளில் எதை வேண்டுமானாலும் முதல் மருந்தாகத் தொடங்கலாம் என்கிறது. இதய நோய், சிறுநீரக நோய் போன்ற தனிக் காரணம் இல்லாத ஒருவருக்கு இதைவிட்டு அதை எடுக்கச் சொல்வது பெரும்பாலும் பக்க விளைவை வைத்துத்தான்.

காட்பாடிப் பக்கம் மருந்துக் கடை கவுன்டரில் நிற்கிறவன் நான். எந்த மாத்திரைக்கு நூற்றில் எத்தனை பேருக்குத் தொந்தரவு என்ற கணக்கோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பேன்: வந்த தொந்தரவு மாத்திரையால்தான் என்று அந்த ஆளுக்குத் தெரியுமா? வேலூர் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு தயாராக இருக்கிறது. கால் வீங்கினால் ஷூ கம்பெனியில் நின்ற வேலை. இருமினால் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலை. மயக்கம் வந்தால் கத்திரி வெயில். மாத்திரை மேல் சந்தேகமே வருவதில்லை. தொந்தரவை ஆற்ற இன்னொரு மாத்திரை சேர்கிறது, பிறகு அதற்கும் ஒன்று.

ஆம்லோடிபின்

இதன் தொந்தரவு கண்ணில் படுகிறது, அதுதான் இதன் நல்ல குணம். இரண்டு கணுக்காலும் சாயங்காலம் வீங்கும், காலையில் வடிந்திருக்கும். 5 மி.கி. எடுப்பவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு வருவது, 10 மி.கி.-க்கு ஏறியதும் 10 பேருக்கு மேல் போகிறது. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களில் பெரும் பகுதி பெண்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். "நாளெல்லாம் நின்னுக்கினே கீறேன், கால் வீங்காம இன்னா பண்ணும்ணா?" என்று கேட்டால் அதுவும் நியாயமாகத்தான் படும். மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்ததா, டோஸ் ஏற்றிய பிறகு வந்ததா என்று தேதி கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

இங்கே நடக்கிற பெரிய தப்பு, வீக்கத்தைப் பார்த்ததும் நீர் பிரிகிற மாத்திரையைச் சேர்ப்பது. ஆம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைப் பக்கத்தை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. உள்ளே வருகிற ரத்தம் அதிகம், வெளியே போகிற வழி பழையபடியே. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசிகிறது. உடம்பில் தண்ணீர் கூடிப்போனதால் வந்த வீக்கம் இல்லை இது. நீர் மாத்திரை போட்டால் ஓயாமல் கழிவறைக்குப் போவதுதான் மிச்சம், கால் அப்படியேதான் இருக்கும். டோஸை 10-இலிருந்து 5-க்கு இறக்கி, டெல்மிசார்டன் போல ஒன்றைச் சேர்த்தால் வீக்கமும் குறையும், பிரஷரும் கட்டுக்குள் நிற்கும். இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே கிடைக்கிறது.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ கதை வேறு. அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ஈறு தடித்து வளர்வதும் இந்த மாத்திரையால் சிலருக்கு வரும். பல் டாக்டரிடம் போகும்போது பிரஷர் மாத்திரை பெயரைச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு.

மற்றபடி எனக்கு ஆம்லோடிபின் மேல் ஒரு மரியாதை உண்டு. ஒரு வேளை மறந்தாலும் பிரஷர் தாவாது, ஏனென்றால் உடம்பில் பாதி கரையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

எனாலாபிரில், ராமிபிரில்

'பிரில்' என்று முடிகிற எல்லாம் ஒரே குடும்பம். பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராயப்போய்ப் பிறந்த வகை. முதலாவதான கேப்டோபிரிலுக்கு அமெரிக்காவில் 1981-இல் அனுமதி கிடைத்தது. இதயம் பலவீனமானவர்களுக்கும், சர்க்கரையால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கும் இவை செய்கிற நன்மை பெரிது. அடிக்கடி வருகிற தொந்தரவு ஒன்றுதான், ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற ஒன்று: வறட்டு இருமல். பத்தில் ஒருவருக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம், இதிலும் பெண்களுக்குத்தான் கூடுதல். இந்த மாத்திரை தடுக்கிற நொதிக்கு, பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கிற வேலையும் உண்டு. அது சிதையாமல் மூச்சுக்குழாயில் தேங்கித் தொண்டையில் அரிப்பைக் கிளப்புகிறது. சளி இருக்காது. இருமல் சிரப்புக்கும் பெரும்பாலும் அடங்காது.

ஆரம்பித்து இரண்டாம் நாளும் வரலாம், மூன்று மாதம் கழித்தும் வரலாம். அதனாலேயே ஆள் சிக்குவதில்லை. வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் ஷாப்பில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் நிற்கிறவர் இருமினால் யார் மாத்திரையைச் சந்தேகிப்பார்கள்? கடைக்கு வந்து "இருமல் மருந்து ஒண்ணு குடுண்ணா" என்றுதான் கேட்பார். எந்த பிரஷர் மாத்திரை போடுறீங்க என்று திருப்பிக் கேட்பது கவுன்டரில் இருப்பவர் வேலை. கூட்ட நேரத்தில் அந்தக் கேள்வி விழுந்துவிடுகிறது.

இதில் எதிர்ப்பக்க ஆபத்தும் இருக்கிறது. மாத்திரையால் வந்த இருமல்தானே என்று விட்டுவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும், நம் ஊரில் டிபி இன்னும் போகவில்லை. அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு இல்லை. டிபி இல்லை என்று தெரிந்து, டாக்டர் மாத்திரையையும் மாற்றினால், ஒன்று முதல் நான்கு வாரத்தில் இருமல் ஓயும். சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். பொறுமையில்லாமல் பத்து நாளில் "மாத்தியும் நிக்கலயே" என்று பழைய சீட்டுக்கே திரும்புகிறவர்கள் உண்டு.

அபூர்வமாக உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கலாம். அப்படி வந்தால் மாத்திரையை அதோடு நிறுத்திவிட்டு நேராக அவசரப் பிரிவுக்கு. அதற்குப் பிறகு வாழ்நாளில் 'பிரில்' பக்கமே போகக் கூடாது.

தயசைடு நீர் மாத்திரை

ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன். பலருக்கு இவை டெல்மிசார்டனோடு சேர்ந்த மாத்திரையாக வருவதால், நீர் மாத்திரை எடுக்கிறோம் என்பதே தெரியாது. அட்டையில் பெயருக்குப் பின்னால் 'எச்' என்றோ 'சிடி' என்றோ இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கணக்கில், வேலூரில் ஆளே தெரியாமல் ஒளிந்துகொள்கிற தொந்தரவு இதனுடையதுதான். மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வியர்வையில் உப்பு போகிறது, மாத்திரையும் சிறுநீரில் உப்பை வெளியேற்றுகிறது, பிரஷர் என்று வீட்டில் சமையலிலும் உப்பைக் குறைத்திருப்பார்கள், தாகத்துக்கு வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருப்பார்கள். ரத்தத்தில் சோடியம் இறங்குகிறது. எழுபது வயதுப் பாட்டி சோர்ந்து படுக்கிறார், பேச்சு தடுமாறுகிறது, நடையில் தள்ளாட்டம், ஒரு நாள் குளியலறையில் விழுகிறார். "வெயிலு, வயசாயிடுச்சு" என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்த்தால் அன்றே தெரிந்துவிடும். வயதான, ஒல்லியான பெண்களுக்குத்தான் இது அதிகம். கோடை தொடங்கும் முன்னும், மாத்திரை ஆரம்பித்த சில வாரத்திலும் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பேன்.

யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வலிப்பதும், சர்க்கரை சற்று ஏறுவதும் இதன் மற்ற வேலைகள். தையல் லைனில் உட்காரும் பெண்கள் நினைத்த நேரத்துக்கு எழுந்து போக முடியாது, அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அவர்கள் இதை டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். இளம் வயதில், சிறுநீரகம் நன்றாக இருந்து, நிழலில் வேலை பார்க்கிறவருக்கு இது குறையில்லாத மருந்து.

அட்டெனலால்

இதய வலியோ, மாரடைப்பு வந்த வரலாறோ, படபடப்போ இருந்தால் ஒழிய இன்று இதையோ இதன் தம்பிகளையோ முதலில் தொடங்குவதில்லை. ஆனால் பழைய சீட்டை வைத்து வருடக்கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். களைப்பு, கை கால் சில்லிடுதல், நாடி மெதுவாதல். ஆஸ்துமா இருப்பவருக்கு இழுப்பைக் கிளப்பும். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு 'லோ சுகர்' ஆனால் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். மறைக்காமல் விடுவது வியர்வையை மட்டும். மே மாத வேலூரில் வியர்வையை வைத்து என்ன கண்டுபிடிப்பது? தொந்தரவு என்று திடீரென நிறுத்தவும் முடியாது. நெஞ்சு வலி திரும்பலாம், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

டெல்மிசார்டன்

இருமல் இல்லை, கால் வீக்கம் இல்லை, ஒரு நாளைக்கு ஒன்று போதும். புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் கருத்துக் கேட்டால் இதையோ ஆம்லோடிபின் 5-ஐயோதான் டாக்டரிடம் பேசிப் பார்க்கச் சொல்வேன். இரண்டில் என் சாய்வு, வேலூர் வெயிலையும் மீறி, இதன் பக்கம்தான்.

ஆனால் இதன் தொந்தரவு சத்தமே போடாது. ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறினால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர் இளநீரும் வாழைப்பழமும் தாராளமாகச் சாப்பிட்டால் பொட்டாசியம் இன்னும் ஏறும். 'பிரஷருக்கு நல்லது' என்று விற்கிற சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் சேர்த்திருப்பதும் பொட்டாசியம்தான். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது. வாந்தி பேதி வந்து உடம்பு வற்றிய நாட்களில் இதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும்.

'பிரில்', 'சார்டன்' இரண்டையுமே கர்ப்பிணிகள் தொடக் கூடாது, குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கல்யாணமான இளம்பெண்ணுக்கு எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டால் பெரிய பிழை.

ஒரு சின்ன விஷயம்: டெல்மிசார்டன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஒரு மாதத்துக்கும் உரித்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், அன்றன்றைக்கு அட்டையிலிருந்து எடுங்கள்.

கேட்காமல் சேர்கிற ஆள்

இத்தனை ஒப்பீட்டையும் ஒரே நாளில் கவிழ்ப்பது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபெனாக். முதுகு வலி, முட்டி வலி என்று சீட்டில்லாமல் கேட்பார்கள். சீட்டில்லாமல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், என் தொழிலின் வெட்கம் அது. இவை பிரஷரை ஏற்றும். 'பிரில்' அல்லது 'சார்டன்' ஒன்று, நீர் மாத்திரை ஒன்று, கூட இந்த வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால், அதுவும் உடம்பில் நீர் வற்றிய கோடையில், சிறுநீரகம் சில நாளில் படுத்துவிடலாம். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால், அதுவும் அளவோடு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டு வருகிற அக்காவிடம் மாத்திரையை வாங்கி வைப்பதோடு, போன மாதம் முதல் இருமல், கால் வீக்கம் என்று இருப்பதையும் சொல்லிவிடுங்கள். மருந்துப் பக்க விளைவை நோயாளியே நேரடியாகப் பதிவு செய்யவும் இந்திய அரசின் இலவச எண் இருக்கிறது: 1800-180-3024. பேசும்போது மாத்திரை அட்டை கையில் இருக்கட்டும், பெயர், பேட்ச் எண், எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் தொந்தரவு வந்தது என்று கேட்பார்கள்.