பிளட் டைமண்ட் தமிழ் டப்பிங்: காசு கட்டும் முன் நீளத்தைப் பாருங்கள்

'முழுப் படம், ஹெச்.டி., தமிழில்' என்று போட்டிருந்ததை நம்பி ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்பில் 149 ரூபாய் வாடகை கட்டி 'பிளட் டைமண்ட்' பார்த்தேன். எட்வர்ட் ஸ்விக் இயக்கத்தில் டிகாப்ரியோ வைரக் கடத்தல்காரனாக நடித்து 2006இல் வந்த படம். அசல் நீளம் 143 நிமிடம். இவர்கள் கொடுத்தது இரண்டு மணி நேரம்கூட வரவில்லை. டிவிக்காக வெட்டிய பிரதியை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

வெட்டினதுதான் வெட்டினார்கள், உயிரான இடமாகப் பார்த்தா வெட்டுவது? 1991 முதல் 2002 வரை நடந்த சியரா லியோன் உள்நாட்டுப் போர்தான் கதைக்களம். ஆர்.யு.எஃப். கிளர்ச்சிக்காரர்கள் மீனவர் சாலமனின் ஊருக்குள் புகுந்து, இனி எவனும் ஓட்டுப் போடக்கூடாது என்று ஆட்களை வரிசையில் நிறுத்திக் கையை வெட்டுவார்கள். அந்த நாட்டில் நிஜமாகவே நடந்த கொடுமை. அடுத்தது சாலமனின் முறை. கையைக் கட்டையில் வைத்தாயிற்று. ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறான், வைரம் தோண்ட ஆவான் என்று கடைசி நொடியில் விட்டுவிடுவார்கள். இந்தப் பிரதியிலோ வண்டி வருகிறது, அலறல் கேட்கிறது, உடனே சாலமன் ஆற்றில் வைரம் சலிக்கிறார். எப்படித் தப்பினார் என்றே புரியாது. கிளர்ச்சிக்காரர்கள் அவர் மகன் டியாவின் கண்ணைக் கட்டி, துப்பாக்கியைக் கொடுத்து முதல் கொலையைச் செய்யவைக்கும் காட்சியும் காலி. அதைப் பார்க்காதவனுக்கு, பின்னால் தன்மேலேயே துப்பாக்கியை நீட்டும் மகனிடம் சாலமனாக நடித்த ஜைமன் ஹூன்சு பேசும் இடம் எப்படி மனதில் இறங்கும்?

படத்தின் சொத்தையான பகுதிகளில் மட்டும் கத்தரி படவே இல்லை. அமெரிக்கப் பத்திரிகையாளருக்கும் டிகாப்ரியோவுக்கும் இடையிலான அந்த ஒட்டாத காதல் முழுசாக இருக்கிறது. ஆப்பிரிக்கர்களின் துயரத்தை, ஒரு வெள்ளைக்காரக் கடத்தல்காரன் திருந்துவதற்கான பின்னணியாக்கிவிட்டார்கள் என்ற குறை அசலிலேயே உண்டு. கடைசியில் சாலமன் வைர வியாபாரம் பற்றிய மாநாட்டில் மேடையேறுவார், வாயைத் திறக்குமுன் படம் முடிந்துவிடும்! அவர் பட்ட பாட்டையும் வெட்டிவிட்டால் அவருக்கு என்னதான் மிஞ்சும்?

டப்பிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அசலில் சியரா லியோன் மக்களின் பேச்சுமொழியான கிரியோ கலந்து வரும் பேச்சுக்கெல்லாம் இங்கே சென்னை ரவுடி பாஷை.

ஆப்பின் உதவி சாட்டில் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பாதிக்கு மேல் பார்த்துட்டீங்க சார், ரீஃபண்ட் கிடையாது" என்றார்கள். முழுப் படமே தரலையே என்றேன். அந்த உரையாடலையே மூடிவிட்டார்கள்.

வாடகை கட்டும் முன் விவரப் பக்கத்தில் நீளம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஆப்பில் போடவில்லை, அதுவே சந்தேகத்துக்கு இடம். படம் ஓடத் தொடங்கியதும் மொத்த நேரம் தெரியும். 2 மணி 23 நிமிடத்துக்கு ரொம்பக் குறைவாக இருந்தால் அங்கேயே நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அப்போதே ரீஃபண்ட் கேளுங்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். 'முழுப் படம்' என்று அவர்கள் போட்ட விளம்பரத்தையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன், நாளைக்கு அதை மாற்றிவிட்டால்?