38 பெட்டிகளும் ஒரு மடிக்கணினியும்

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரிடம் 19 ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். அவர் காலமான பிறகு, அவர் விட்டுப்போன 38 அட்டைப் பெட்டிகளையும் மடிக்கணினியையும் ஓர் ஆவணப் பாதுகாப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. 11 மாதம் கழித்துப் பணி முடிந்திருக்கிறது. காகித வேலைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். கணினி வேலைக்குப் பாதி கொடுக்கவும் மனம் வரவில்லை.

தேதி வாரியாக அடுக்கித் தருகிறேன் என்று நானாக முன்வந்தேன். அங்கிருந்த பெண்மணி பதறிப்போய், "ஐயா வைத்திருந்த வரிசையிலேயே இருக்கட்டும் சார்" என்று தடுத்துவிட்டார். ஒரு மனுவின் மேல் பேச்சுக் குறிப்பு ஒன்று கிடந்தால், அந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்பதற்கு அந்த அடுக்குதான் சாட்சி. நான் கை வைத்திருந்தால் கெடுத்திருப்பேன்.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்களை அவர் எடுத்த அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பின்னுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மழுங்கிய தட்டைக் கத்தியால் கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவினார். அமிலம் மிகுந்த செய்தித்தாள் நறுக்குகள், பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும் என்பதால், தனி உறைக்குப் போயின. மங்கிக்கொண்டிருந்த ஃபேக்ஸ் தாள்களை முதலில் ஸ்கேன் செய்தார்கள். நோய், குடும்பச் சண்டை என்று மக்கள் மனம்விட்டு எழுதிய கடிதங்களைத் தனியாகப் பிரித்து, எத்தனை ஆண்டுகள் மூடி வைக்கலாம் என்று குடும்பத்தாரிடம் கேட்டார்கள். எனக்குத் தோன்றவே இல்லை.

மடிக்கணினி வேறொருவர் கைக்குப் போனது. அவர் வட்டின் முழு நகலை எடுக்காமல், நேரடியாகக் கோப்புகளைத் திறந்து, புதிய வடிவத்தில் சேமித்து, பழையவற்றை 'இரட்டிப்பு' என்று அழித்துவிட்டார். இப்போது எல்லாக் கோப்பும் ஒரே செவ்வாய்க்கிழமை திருத்தப்பட்டதாகக் காட்டுகிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள் வெறும் கிறுக்கலாக நிற்கின்றன. எந்தக் கடிதத்துக்கு எந்த எழுத்துரு என்ற குறிப்பும் பழைய கோப்போடு போய்விட்டது.

நான் சத்தம் போட்ட பிறகு, ஐயாவின் 12 ஃபிளாப்பிகளை (பழைய கணினி வட்டுகளை) இன்னொருவரிடம் கொடுத்தார்கள். அவர் செய்த முதல் காரியம், ஒவ்வொன்றின் மூலையிலும் இருக்கும் சிறு தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிட்டதுதான். அப்படிச் செய்தால் அதில் எதையும் எழுத முடியாது. பிறகு வட்டு நகல் எடுத்து, ஒவ்வொரு நகலுக்கும் 64 எழுத்து நீளச் சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைத்தார். நாளை ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடுமாம். மடிக்கணினியை இவரிடமே கொடுத்திருக்கக் கூடாதா?

ஐயாவின் கடைசிச் சட்டமன்ற உரைக்கு ஏழு வரைவுகள் இருந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்று கணினியில் இனித் தெரியாது. 23ஆம் பெட்டியில், கலைக்காமல் விட்ட அதே அடுக்கில், நான்கின் அச்சுப் பிரதிகள் பென்சில் எண்களோடு கிடைத்தன. மீதி மூன்றையும் என் நினைவை வைத்து வரிசைப்படுத்தி, 'உதவியாளர் சொன்னபடி' என்று பட்டியலில் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.