சம்மர்ஸா, ஈஸ்டனா: யாரைப் பார்த்துக் கிட்டார் பழகுவது?

1970-களின் இறுதியில் எழுந்த 'நியூ வேவ்' ராக் பாணியில் கிட்டாரை முறையாகப் பழக முனைந்தபோது என் முன்னே இருவர் நின்றனர்: தி போலீஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸ், தி கார்ஸ் குழுவின் எலியட் ஈஸ்டன். நான் சம்மர்ஸைத் தேர்ந்தெடுத்தேன். ஓராண்டுக்கு மேல் அவருடைய வாசிப்போடு மல்லுக்கட்டிய பிறகும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

புகழிலும் விற்பனையிலும் இருவருக்கும் குறைவில்லை. பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்ற, இடக்கைப் பழக்கமுள்ள ஈஸ்டன், 1978-இல் வந்த கார்ஸின் முதல் ஆல்பத்திலேயே, பாட்டுக்குள் இன்னொரு குட்டிப் பாட்டாகத் தம் சோலோக்களை (தனி வாசிப்புப் பகுதிகளை) அமைத்துவிட்டார். அவற்றில் இரண்டை மட்டுமே நான் வாசித்திருக்கிறேன் என்பதால், அவரைப் பற்றிய என் கருத்து பெரும்பாலும் கேள்வி ஞானமே. கீபோர்டும் இரண்டாவது கிட்டாரும் உள்ள குழுவில் வாசிப்பவர்களுக்கு அவரே பொருத்தமானவராக இருக்கலாம்.

சம்மர்ஸின் நிலை வேறு. சாஃப்ட் மெஷீன், அனிமல்ஸ் குழுக்களில் வாசித்து, கலிஃபோர்னியாவில் கிளாசிக்கல் கிட்டாரும் பயின்று, 34 வயதில், 1977-இல் அவர் சேர்ந்தது விரைவில் மூவர் மட்டுமே ஆகிவிட்ட ஒரு குழு. பாஸ் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே உள்ள வெளி முழுவதும் அவர் பொறுப்பு. ஆனால் அதை அடைத்துவிட்டால் பாடுபவருக்கு இடமிருக்காது. இந்தச் சிக்கலை அவர் தீர்த்த விதம்தான் என் தேர்வை முடிவு செய்தது.

'மெசேஜ் இன் எ பாட்டில்' (1979) பாடலின் தொடக்கத்தைப் பாருங்கள். ஐந்தாம் தந்தியில் 4-ஆம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), நான்காம் தந்தியில் 6, மூன்றாம் தந்தியில் 8. நம் கணக்கில் சொன்னால் ச, ப, மேல் ரி. மகிழ்ச்சியா சோகமா என்று காட்டிக்கொடுக்கும் காந்தாரம் அங்கே இல்லவே இல்லை. அதைப் பாடகரின் குரலுக்கு விட்டுவைக்கிறார். எதை வாசிக்காமல் விடுவது என்பதை இவ்வளவு தெளிவாக எனக்கு வேறு எவரும் காட்டியதில்லை.

விரல்கள் வலிக்கும் என்பது உண்மை. அதே வடிவம் ஆறாம் தந்தியின் 2-ஆம் ஃப்ரெட்டுக்கு இறங்கும்போது சுண்டுவிரல் எட்டாது. முதலில் அதே மூன்று தந்திகளில் 7, 9, 11-ஆம் ஃப்ரெட்டுகளில் பிடித்துப் பழகி, சில நாட்களுக்கு ஒரு ஃப்ரெட்டாகக் கீழிறங்குங்கள். கட்டைவிரலைக் கிட்டார் கழுத்தின் பின்புறம் நடுவில் வைத்தால் மணிக்கட்டு தானாகத் தளரும்.