லெவின் காருக்கு எஞ்சின் மாற்றினேன்: கிளிநொச்சி வேப்பமரத்துக் கராஜ் எப்படி?

முதலில் காசைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் கேட்பீர்கள். கூலி மட்டும் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். எஞ்சின், கியர் பாக்ஸ், வயரிங், கொம்பியூட்டர் பெட்டி எல்லாம் சேர்ந்த செட்டை கொழும்பு பஞ்சிகாவத்தையில் நானே பார்த்து வாங்கி லொறியில் ஏற்றிவிட்டேன், அந்தச் செலவு வேறு. இரண்டு கிழமையில் தருகிறேன் என்ற கார் ஏழாவது கிழமைதான் கைக்கு வந்தது.

கார் ரொயோட்டா லெவின், ஏஈ100 மொடல். பார்த்தால் ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டினால் கொரோலா. உள்ளே இருந்தது 1.5 லீற்றர் 5ஏ-எஃப்ஈ எஞ்சின். புதிதாக வரும்போதே 105 குதிரைவலுதான், என்னுடையதில் பாதிக் குதிரை ஒயிலைக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களுக்கு ஏறிய விலையைப் பார்த்தவர்களுக்கு, நான் ஏன் வேறு கார் தேடாமல் எஞ்சின் தேடினேன் என்று விளங்கும். எடுத்தது 4ஏ-ஜிஈ எஞ்சின், இருபது வால்வு, மேல்மூடி வெள்ளி நிறமாக இருப்பதால் வெள்ளி மூடிக்காரன். 1.6 லீற்றர், நிமிடத்துக்கு 7400 சுற்றில் 160 குதிரைவலு, நாலு சிலிண்டருக்கும் காற்றை உள்ளே விட நாலு த்ரொட்டில். இதே உடம்போடு வந்த ஏஈ101 மொடலில் கொம்பனியே பூட்டி விட்ட எஞ்சின்தான். பழையதும் புதியதும் ஒரே ஏ குடும்பம் என்பதால் பெரிய வெட்டுக்கொத்து இல்லை. ஹொண்டா எஞ்சினைக் கொண்டுவந்து இதற்குள் திணிக்கப் போகிறவர்கள் என் கணக்கை நம்ப வேண்டாம்.

கராஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், மரத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கால் நட்டு எஞ்சின் தூக்கும் செயின் புளொக். பெடியள் இரண்டு பேர். கராஜ்கார அண்ணைக்கு அறுபது வயது இருக்கும். யுத்தத் தடையால் பெற்றோல் உள்ளே வராத தொண்ணூறுகளில், கொஞ்சமாகப் பெற்றோல் சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட வைத்த கை. அந்தக் காலத்துக் கையிடம் இருபது வால்வைக் கொடுக்கலாமா என்று நானும் யோசித்தேன்தான்.

யோசித்தது வீண். பழைய எஞ்சினைக் கழற்றும்போது ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் ரேப் சுற்றி, பேனையால் "பான்", "ஒயில் லைற்", "சூடு" என்று தமிழில் எழுதி ஒட்டினார். புது எஞ்சினின் வயரிங் படத்தை நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் கீறி வைத்திருந்தார், ஐந்தாறு தாள், நடுவில் ஒரு நாளின் இராகுகாலம் பின்னாலிருந்து தெரிகிறது. ரைமிங் பெல்ற், தண்ணிப் பம்ப், ஒயில் சீல் மூன்றையும் எஞ்சின் வெளியில் இருக்கும்போதே மாற்றச் சொன்னதும் அவர்தான், "உள்ள இறக்கினாப் பிறகு கை போகாது தம்பி" என்று. றேடியேற்றரைத் திறந்து காட்டினார், உள்ளே கோயில் சுவர் மாதிரி வெள்ளை. கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி வந்த சுண்ணாம்பு. எங்கள் பக்கத்துக் கார்களில் பாதி சூடேறிச் சாவது இதனால்தான், கூலன்ற் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனிக் குறை. கார் எடுத்த அன்றே மாங்குளம் வரை போய் வரலாம் என்று கிளம்பி, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தினேன். எஞ்சினை நிறுத்தாமல் கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினால் சூட்டு முள் மேலே நிற்கிறது, பான் சுற்றவில்லை. அண்ணைக்குப் போன் எடுத்தேன். "அந்த பான் வயர் எங்கயாவது இரும்பில முட்டுதா பார்" என்றார். இந்தப் பழைய ரொயோட்டாக்களில் பானுக்கான சூட்டுச் சுவிச் குளிரில் மூடி வயரைப் போடியோடு சேர்க்கும், சூட்டில் திறந்து பிரிக்கும். திறந்தால்தான் பான் ஓடும். அதனால் வயர் போடியில், அதாவது காரின் இரும்பு உடம்பில், முட்டினால் சுவிச் மூடியது மாதிரித்தான், கார் எப்போதும் குளிராக இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். பார்த்தால் ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் உரசித் தோல் போய்ச் செம்பு தெரிகிறது. இழுத்து விலக்கினேன், பான் சுற்றியது. கச்சான் பையைக் கிழித்து அந்த இடத்தில் சுற்றிக்கொண்டு வீடு வந்தேன். வயரிங்கை அவ்வளவு வடிவாகச் செய்தவர் இறுதியில் அவசரப்பட்டுவிட்டார், அரை மணித்தியாலம் கராஜ் வாசலிலேயே எஞ்சினை ஓட விட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நீங்கள் போனால் அந்த அரை மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டுத்தான் மிச்சக் காசைக் கொடுங்கள்.

காகித வேலை எதுவும் அவர் பார்க்க மாட்டார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புது எஞ்சின் இலக்கத்தைப் பதிவது உங்கள் பாடு, எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். காப்புறுதிக்காரருக்கும் சொல்லுங்கள்.

பிரேக்கையும் அவர் கேட்காவிட்டால் தொட மாட்டார், நான் கேட்கவில்லை, அது என் மடத்தனம். இரவில் ஏ9 வீதியில் மாடு படுத்திருக்கும் ஊரில் 105 குதிரைக்குச் செய்த பிரேக்கோடு 160ஐ ஓட்டுவது சரியில்லை. ஏஈ101 முன் பிரேக் செட் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டம் எப்படி என்று கேட்டால், ஐயாயிரம் சுற்றுக்குக் கீழே பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு மேலே நாலு த்ரொட்டிலும் சேர்ந்து இழுக்கும் சத்தத்துக்கு ஏழு கிழமையும் தகும். மூன்றாம் கியரில் இன்னும் ஒரு சின்னக் கடகடப்பு உண்டு. சனிக்கிழமை வா, பார்ப்பம் என்றிருக்கிறார், வரும்போது கச்சானும் வாங்கி வரச் சொன்னார்.