இந்தியாவா, ஜப்பானா, ஐரோப்பாவா? திருகோணமலைப் பிள்ளைக்கு எந்தப் புலமைப்பரிசில்?

போன ஞாயிற்றுக்கிழமை மூதூரிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார்கள். தகப்பனின் கையில் வழவழப்பான ஒரு துண்டுப்பிரசுரம். "ஐம்பது சதவீதப் புலமைப்பரிசில் என்று போட்டிருக்கிறார்கள், சேர். வயற்காணியின் உறுதியை வங்கியில் வைத்தால் மீதியைக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்" என்றார். மகள் கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் முடித்து நான்கு மாதம் ஆகிறது. அவளுடைய தம்பி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான்.

ஒரு கொப்பித்தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். அந்தப் பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் ஆண்டுக் கட்டணமாகப் பிரசுரத்தில் இருந்தது 16,000 பவுண். பாதி கழிந்தால் 8,000. அதற்கு மேல் விசாக் கட்டணம் இருக்கிறது. மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண் வீதம் கட்ட வேண்டிய சுகாதார மேலதிகக் கட்டணம் இருக்கிறது. ஒன்பது மாத வாழ்க்கைச் செலவுக்கான பணம் 28 நாட்கள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. பிறகு விமான டிக்கெட். தகப்பன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காணி உறுதி முதல் வரிக்கே போதாது.

கட்டணத்தில் கழிவு கொடுப்பது வியாபாரம். அதைப் புலமைப்பரிசில் என்று சொல்லும்போதுதான் குடும்பங்கள் கடனில் விழுகின்றன. சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆங்கிலம் படித்த ஒரு பையனின் மூலச் சான்றிதழ்களை முகவர் ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு, "சேவைக் கட்டணம்" கட்டினால்தான் திருப்பித் தருவேன் என்று நின்றார். அந்தப் பையனின் தாய் காப்பை அடகு வைத்து மீட்டார். கீழே நான் ஒப்பிடும் முழுப் புலமைப்பரிசில்கள் எதற்கும் முகவர் தேவையில்லை. மூலச் சான்றிதழை எவரிடமும் ஒப்படைக்கவும் வேண்டியதில்லை.

எந்த நாடு பெரிது என்று கேட்டுத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வருடத்தை இழக்கிறார்கள். உங்கள் கையில் இன்று என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். உயர்தரப் பெறுபேறு மட்டுமா, புதிதாக எடுத்த பட்டமா, பட்டத்தோடு இரண்டு வருட வேலையுமா? இந்த மூன்று நிலைக்கும் திறக்கும் கதவுகள் வேறு வேறு.

உயர்தரத்தோடு நிற்பவருக்கு

தம்பியின் நிலை இது. அவனுக்கு முதலில் இந்தியாவையும் ஜப்பானையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்திய அரசு இலங்கை மாணவருக்கென்றே சில திட்டங்களை வைத்திருக்கிறது. நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் பொறியியல், விஞ்ஞானம், வணிகம், கலை ஆகியவற்றில் முதற்பட்டத்துக்கானது. ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் தகவல் தொழில்நுட்பத்துக்கானது. மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கானது. கற்கைக் கட்டணம், மாதாந்தக் கொடுப்பனவு, தங்குமிடச் செலவு, புத்தகங்களுக்கான ஆண்டுக் கொடுப்பனவு எல்லாம் கிடைக்கும். பெற்றோர் முதலில் கேட்பது "டொக்டர் படிப்பு உண்டா?" என்பதைத்தான். இல்லை. மருத்துவம் இவற்றுக்குள் வராது. அந்த ஆசையோடு இந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

ஜப்பான் அரசின் புலமைப்பரிசில் முதற்பட்ட மாணவருக்கு மாதம் 117,000 யென் தருகிறது. கட்டணம் இல்லை, போய்வர விமான டிக்கெட்டும் உண்டு. முதல் வருடம் முழுக்க ஜப்பானிய மொழி படிக்க வேண்டும், அதன் பிறகுதான் பட்டப்படிப்பு. அதுவும் பெரும்பாலும் அந்த மொழியிலேயே. ஆகவே நான்கு வருடப் படிப்பு ஐந்து வருடமாகிறது. விண்ணப்பதாரி 25 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும்.

இரண்டையும் பிரிப்பது தெரிவு செய்யும் முறை. இந்தியாவுக்கு உயர்தரப் பெறுபேறுதான் அடித்தளம். பெறுபேற்றில் சறுக்கியவர் இந்தியத் திட்டத்தில் நிமிர்வது கடினம். ஜப்பான் தூதரகமோ தானே எழுத்துப் பரீட்சை வைக்கிறது. கணிதம், ஆங்கிலம், ஜப்பானியம், விஞ்ஞானத் துறைக்குப் போகிறவருக்கு பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆகியவற்றில் இரண்டு. பொறியியல் பீடத்தின் வெட்டுப்புள்ளியை இசட் புள்ளியில் ஒரு மயிரிழையில் தவறவிட்ட கணிதப் பிள்ளைக்கு இது உண்மையான இரண்டாவது வாய்ப்பு. எங்கள் ஊரில் இதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. கொழும்புக்கு இரவு ரயிலில் போய் விடியற்காலையில் இறங்கி எழுதிவிட்டு மறுநாள் திரும்பலாம். செலவு அவ்வளவுதான்.

பொறியியல் படிக்கப் போகிறவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கையும் இந்தியாவும் 2014ஆம் ஆண்டில் முழு உறுப்புரிமை பெற்றன. ஆனால் இந்தியாவிலுள்ள எல்லாப் பாடநெறிகளும் அதற்குள் அடங்காது. சேர்வதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால், திரும்பி வந்து பட்டயப் பொறியியலாளராகப் பதியும்போது அலைய வேண்டியிராது.

சீன அரசின் புலமைப்பரிசில் முதற்பட்டத்துக்கு மாதம் 2,500 யுவானும் முதுமாணிக்கு 3,000 யுவானும் தருகிறது. தங்குமிடமும் உண்டு. நல்ல திட்டம்தான், ஆனால் பாடமொழி ஆங்கிலமா சீனமா என்பதை உறுதிப்படுத்தாமல் கையெழுத்திடக் கூடாது. ரஷ்ய அரசின் புலமைப்பரிசிலிலும் கட்டணம் இல்லை. ஆனால் கொடுப்பனவு சிறியது என்பதால் வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் போக வேண்டும். வயற்காணியை நம்பியிருக்கிற குடும்பத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

புதிய பட்டதாரிக்கு

மகளின் மனம் செவனிங்கில் இருந்தது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் பெயர் பெற்றது. ஒரு வருட முதுமாணிப் படிப்புக்குக் கட்டணம், விமான டிக்கெட், மாதக் கொடுப்பனவு எல்லாம் தருவது. ஆனால் இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணித்தியாலம், கட்டாயம். நான்கு மாதத்துக்கு முன் பட்டம் முடித்தவளுக்கு அந்தக் கதவு இப்போது மூடியிருக்கிறது. அதை நான் சொன்னபோது அவள் முகம் வாடியது. ஆனால் அதே வயதில் அவளுக்குத் திறந்திருக்கும் கதவைப் பற்றி அவள் கேள்விப்பட்டதேயில்லை.

அதுதான் எரஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணி. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து நடத்தும் பாடநெறி. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். புலமைப்பரிசில் கிடைத்தவருக்குக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். பயணமும் விசாவும் அந்தப் பணத்துக்குள்தான். வயதெல்லை இல்லை. வேலை அனுபவத்தை எல்லாப் பாடநெறிகளும் கேட்பதில்லை. இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். நம் நாட்டுக் கல்வி அமைச்சின் பரிந்துரையும் வேண்டியதில்லை, நேரே அந்தப் பாடநெறிக்கே விண்ணப்பம். பெரும்பாலானவை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் திறந்து மூடுகின்றன.

இதை மௌலானா ஆசாத்தோடு ஒப்பிட்டால் பணத்தில் எரஸ்மஸ் எங்கோ நிற்கிறது. ஆனால் அங்கே உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்களோடு போட்டி, இந்தியத் திட்டத்தில் இலங்கையரோடு மட்டும் போட்டி. விசாவிலும் வித்தியாசம் உண்டு. ஸ்பெயின், பெல்ஜியம் போன்ற நாடுகளுக்குக் கொழும்பில் தூதரகம் இல்லை, புதுடில்லியைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன். ஒன்றையொன்று தடுப்பதில்லை.

எரஸ்மஸில் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் நோக்கக் கடிதத்தில்தான். அவள் எழுதி வைத்திருந்த கடிதம் "சிறு வயதிலிருந்தே எனக்குக் கணினியில் ஆர்வம்" என்று தொடங்கியது. இறுதியாண்டில் என்ன செய்தாய் என்று கேட்டேன். கிண்ணியா, மூதூர் மீனவர்களின் கைபேசிக்குக் காற்றின் வேகத்தைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஒரு மென்பொருள் செய்திருக்கிறாள். கச்சான் காற்று வீசும் நாட்களில் தன் மாமா எந்த நேரத்தில் படகைத் திருப்புவார் என்று அவரிடமே கேட்டு, அந்த எல்லையை மென்பொருளில் வைத்திருக்கிறாள். இதெல்லாம் கடிதத்தின் நான்காவது பந்தியில் ஒரே வரியில் "ஒரு செயற்றிட்டம் செய்தேன்" என்று புதைந்து கிடந்தது.

சித்த மருத்துவம் படித்தவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. எங்கள் வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டம் எடுத்தவர் மேற்படிப்புக்கு மேற்கு நாடுகளைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். இந்தியா தன் மரபு மருத்துவ முறைகளுக்கெனத் தனியாகப் புலமைப்பரிசில் தருகிறது. சென்னை தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் பட்ட மேற்படிப்பு உண்டு. தமிழ் ஏட்டுச் சுவடியும் நோயாளியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கிற இடம் அது.

இரண்டு வருடம் வேலை செய்தவருக்கு

இந்த நிலையில் உள்ளவர்களுக்குத்தான் தெரிவுகள் அதிகம். செவனிங், ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் அபிவிருத்தி சார்ந்த முதுமாணித் திட்டம், அமெரிக்க அரசின் புல்பிரைட் புலமைப்பரிசில் ஆகிய மூன்றும் முன்னுக்கு நிற்கின்றன.

செவனிங் நாளைக்குத் தலைமை தாங்கக்கூடியவரைத் தேடுகிறது. தலைமைத்துவம், தொடர்புகள், பிரித்தானியாவில் படிக்கும் காரணம், தொழில் திட்டம் என்று நான்கு கட்டுரைகள் கேட்கிறது. ஜெர்மனியின் திட்டம் அப்படிப் பேசுவதில்லை. உங்கள் துறையில் இரண்டு வருடம் என்ன செய்தீர்கள், பட்டம் எடுத்து ஆறு வருடத்துக்கு மேலாகிவிட்டதா என்று பார்க்கிறது. தெரிவானவருக்கு மாதம் 992 யூரோவும் காப்புறுதியும் பயணச் செலவும் தருகிறது. நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ மீன்பிடித் திணைக்களத்திலோ அமைதியாக வேலை செய்யும், தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் பொறியியலாளருக்கு ஜெர்மனிதான் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். சமூக அமைப்புகளில் முன்னின்று உழைத்தவருக்குச் செவனிங்.

ஜெர்மனியில் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை என்று கேட்டுவிட்டு, புலமைப்பரிசில் இல்லாமலே போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. விசாவுக்கு ஒரு வருடத்துக்கான 11,904 யூரோவை, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது அவர்களுக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது.

திரும்பி வரும் நிபந்தனையில் இவை வெகுவாக வேறுபடுகின்றன. செவனிங் பெற்றவர் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும். புல்பிரைட்டுக்கான அமெரிக்க விசாவிலும் இரண்டு வருட விதி இருக்கிறது. எரஸ்மஸில் அப்படி இல்லை. வயதான பெற்றோரைப் பார்க்கத் திரும்ப எண்ணியிருப்பவருக்கு இந்த நிபந்தனை பாரமாகாது. அங்கேயே வேலை தேட நினைப்பவர் முன்னமே தெரிந்துகொள்வது நல்லது.

பணமே இல்லாத, ஆனால் நல்ல பெறுபேறுள்ள பட்டதாரிக்குப் பொதுநலவாயப் பகிர்வுப் புலமைப்பரிசிலையும் சொல்வேன். வேறு வழியில் பிரித்தானியாவில் படிக்க வசதியில்லாதவர்களுக்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. பொதுநலவாயத் திட்டம் ஒன்றுக்கு ஒருமுறை நானும் விண்ணப்பித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்ன ஒருவர் கடைசித் திகதிக்கு மறுநாள் அனுப்பினார். அன்றிலிருந்து, இருவர் போதுமென்றாலும் மூவரிடம் கேளுங்கள் என்று சொல்லி வருகிறேன். கேட்கும்போது வெறுங்கையோடு போகாமல், அவருடைய பாடத்தில் நீங்கள் செய்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "ஒழுக்கமானவர், நேரந்தவறாதவர்" என்ற கடிதம் எவரையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு தடை

அந்தப் பிள்ளையின் கோப்பை விரித்துப் பார்த்தோம். பிறப்புச் சான்றிதழ் தமிழில். உயர்தரச் சான்றிதழில் தகப்பனின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கிறது. பட்டச் சான்றிதழில் அது முழுதாக இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடுதல். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை. இப்படியே அனுப்பினால் வெளிநாட்டு அலுவலருக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்களின் ஆவணங்கள்.

பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதே, பட்டச் சான்றிதழிலுள்ள எழுத்துக்கூட்டலைக் காட்டி அப்படியே எழுதச் சொல்ல வேண்டும். கடவுச்சீட்டையும் அதே எழுத்தில் எடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் வேறுபாட்டுக்குச் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி. வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் அத்தாட்சி தேவைப்படும் இடங்களில் அதற்கென்று ஒரு நாளை ஒதுக்க வேண்டும். இது முடிய எளிதில் இரண்டு மாதமாகும். விளம்பரம் வந்த பிறகு தொடங்கினால் காலம் போதாது. வளாகத்தில் ஆங்கில மொழிமூலம் படித்ததற்கான கடிதத்தையும் அதே பயணத்தில் கேட்டு வாங்கிவிடலாம். சில பாடநெறிகள் அதை ஆங்கிலப் பரீட்சைக்குப் பதிலாக ஏற்றுக்கொள்கின்றன.

தகப்பன் கிளம்பும்போது துண்டுப்பிரசுரத்தின் வெற்றுப் பக்கத்தில் இவற்றை வரிசையாக எழுதிக்கொண்டார். புதன்கிழமை இரவு மகளிடமிருந்து கடிதத்தின் இரண்டாவது வரைவு வந்தது. மாமாவின் படகு இப்போது முதல் வரியிலேயே இருக்கிறது.